முந்திரிக்காட்டில் கூப்பிட்டவள்

குலதெய்வக் கதை சொல்வது என் தொழில். செட்டிகுளத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் குடியிருந்தோம். எங்கள் அப்பா காலம் வரைக்கும் பிறர் நிலத்தில் கூலி வேலைதான். நான் உடுக்கையைக் கையில் எடுத்தபோது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஒருவருக்கு மட்டும் பிடித்தது. என் மனைவியின் அண்ணன். நல்ல கனத்த குரல் அவருக்கு. நான் ஒரு வரி சொன்னால் அதன் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்பாட்டு பாடுவார். நான் நிறுத்துகிற இடத்தில் "ஆமா" என்பார். அந்த ஆமாவுக்காகவே என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. எழுபதுகளில் தொடங்கிப் பல வருஷம் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஊர்களை இரண்டு பேரும் சேர்ந்தே சுற்றினோம்.

தெய்வமான பெண்களின் கதைகள்தான் அதிகம். தீயில் விழுந்தவள், ஏரிக்கரை உடைப்பில் நின்றவள், அண்ணன் கையால் செத்தவள். வருஷத்துக்கு ஒரு தரம் படையல் போடும்போது அந்தக் குடும்பத்துக்கு அந்தக் கதையைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் சாமி வந்து உட்காராது என்பது நம்பிக்கை. கதை ஒரு கட்டத்துக்கு வரும்போது கூட்டத்தில் யாராவது ஒருவருக்கு அருள் வந்துவிடும். அதன்பிறகு அந்த ஊரில் எங்களை யாரும் நேராகப் பார்த்துப் பேசமாட்டார்கள். சோறு போடும்போதுகூட இலையைப் பார்த்துக்கொண்டே போடுவார்கள்.

ஒருமுறை பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் உடுக்கையை மேலே சாமான் வைக்கிற கம்பியில் வைத்திருந்தேன். ரோடு மோசம். வண்டி குலுங்கக் குலுங்க உடுக்கை தானாகவே லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. எனக்கே கேட்காத சத்தம். முன்பக்கம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளுக்குக் கேட்டுவிட்டது. தலையை விரித்துப்போட்டு ஆட ஆரம்பித்துவிட்டார். டிரைவர் வண்டியை ஓரம்கட்டினார். கண்டக்டர் என்னிடம் வந்து, "அய்யா, கோவிச்சுக்காதீங்க. அத மடியில வச்சுத் துணியச் சுத்திக்குங்க" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அன்றுமுதல் உடுக்கையைத் துண்டில் சுற்றி மடியில்தான் வைத்துக்கொள்வேன்.

இந்தத் தொழிலில் என்ன கிடைத்தது என்று என் மகள்கள் கேட்பதுண்டு. நெல் கிடைத்தது, வேட்டி கிடைத்தது. நான் பேசினால் பெரிய கூட்டமும் வாய்மூடிக் கேட்டது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாருக்கும் அது கிடைத்ததில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு முந்திரிக்காட்டில் நடந்ததை.

ஒரு பங்குனி மாதம் காலையில் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். நாற்பது வயது இருக்கும். ஆண்டிமடத்துக்கு அந்தப்பக்கம் சொந்தமாக முந்திரிக்காடு வைத்திருக்கிற குடும்பம். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார்.

"எங்க வூட்டுக்கு ஒரு கதை கட்டணுங்க" என்றார்.

"எந்தச் சாமி கதைங்க?"

"சாமி இல்லீங்க. இனிமேத்தான் சாமியாவப் போவுது."

அவருடைய தங்கை. கல்யாணம் ஆகாதவள். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், சொந்தக் காட்டில் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போனவள் பாழுங்கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். அதற்குப்பிறகு வீட்டில் ஒன்றும் சரியில்லை. அவருக்குப் பிறந்த பிள்ளை தங்கவில்லை. முந்திரி பூக்கிற நேரத்தில் பூவெல்லாம் கருகிப்போகிறது. குறி கேட்டதில், கன்னியாகச் செத்தவள் இடம் கேட்கிறாள், கல் நட்டுப் படையல் போட்டு அவள் கதையைச் சொல்லவையுங்கள் என்று வந்திருக்கிறது.

செத்து நூறு வருஷம் ஆனவர்கள் கதையைத்தான் அதுவரை சொல்லியிருந்தேன். பெற்ற தாயும் கூடப்பிறந்தவனும் எதிரே உட்கார்ந்து கேட்கிற கதையை நான் கட்டியதில்லை. யோசித்தேன். மச்சான்தான், "போவலாம் மாப்ள. நம்ம வேலதான அது" என்றார்.

படையலுக்கு முன்பே ஒருநாள் நாங்கள் போய்ப் பார்த்தோம். காட்டுக்குள்ளேயே வீடு. முந்திரி மரம் மற்ற மரம் மாதிரி நிமிர்ந்து நிற்காது. கிளைகளைத் தரையில் ஊன்றிக்கொண்டு படுத்துக்கிடக்கும். உள்ளே போக வேண்டுமானால் குனிந்துதான் போகவேண்டும். வெளியே செம்மண் கண்ணைக் கூசவைக்கும். உள்ளே இருட்டு. கீழே சருகு கணுக்கால் வரைக்கும் கிடந்தது. நாம் நின்றாலும் அது எங்கேயோ ஒரு பக்கம் சரசரத்துக்கொண்டே இருக்கும். ஓணானோ காற்றோ தெரியாது.

கிணற்றைக் காட்டினார்கள். சுற்றுச்சுவர் கிடையாது. விளிம்பு வரைக்கும் சருகு மூடியிருந்தது. தெரியாதவர்கள் கால் வைத்தால் நேராக உள்ளேதான். எட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் பச்சையாகத் தெரிந்தது.

கதை கட்டுவதற்கு முன்னால் நான் சில விஷயம் கேட்பேன். என்ன பிடித்துச் சாப்பிடுவாள், கோபம் வந்தால் என்ன சொல்லித் திட்டுவாள், எப்படி நடப்பாள். செத்ததைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இருந்ததைப் பற்றிக் கேட்கவேண்டும். அவளுடைய அம்மா முதலில் அழுதார். பிறகு சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"முந்திரிப்பழம்னா உசுரு தம்பி. தொண்டையைக் கட்டும், தின்னாதடின்னா கேக்கமாட்டா. சித்திர மாசம் பூரா காக்கா மாதிரிதான் பேசுவா."

அண்ணன்காரர் சொன்னார், "வேகமா நடப்பா. பின்னால வர்றவங்கள விட்டுட்டுப் போயிருவா."

அண்ணன் மனைவி அடுப்படியில் இருந்தார். பாடாலூர்க்காரர். அவருடைய அப்பாவுக்கு அங்கே மெயின்ரோட்டில் டீக்கடை. ராத்திரி பகலாக லாரி ஓடுகிற இடத்தில் வளர்ந்த பெண். கல்யாணமாகி இந்தக் காட்டுக்கு வந்த முதல் வருஷமே நாத்தனார் செத்துவிட்டாள். நான் அவரிடமும் கேட்டேன். கையில் இருந்த பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "அன்னிக்கி அவளுக்குத் தொண்டை ரொம்பக் கட்டியிருந்துச்சுண்ணே" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை.

புறப்படும்போது அண்ணன்காரர் எங்களோடு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்தார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேங்க. விழுந்ததுமே உசுரு போயிருச்சுன்னு சொல்லிடுங்க. அம்மா அப்படித்தான் நம்பிக்கிட்டு இருக்கு. நாங்களும் அப்படித்தான் பேசிக்கிறோம்."

"சரிங்க" என்றேன். அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. விழுகிற பெண்ணைப் பூமாதேவி மடியில் ஏந்திக்கொண்டாள், பூ உதிர்ந்த மாதிரி உயிர் போயிற்று என்று பாட்டுக் கட்டினேன். மச்சானோடு பாடிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

சித்திரையில் படையல். உச்சிப் பொழுதில் கதை நடக்கவேண்டும் என்று குறியில் வந்திருந்ததால் அந்த நேரத்தில் வைத்திருந்தார்கள். கிணற்றுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியைக் கூட்டிப் பெருக்கிக் கல் நட்டு மஞ்சள் பூசியிருந்தார்கள். பாவாடை, தாவணி, கண்ணாடி வளையல், ரிப்பன், ஒரு கூடை நிறைய முந்திரிப்பழம். பங்காளிகளும் அக்கம்பக்கத்தாரும் கிளைகளுக்கு அடியில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பழுத்து நசுங்கிய பழத்தின் புளித்த வாடையும் எங்கேயோ கொட்டை சுடுகிற புகையும் கலந்து வந்தது.

உடுக்கை அடிக்கத் தொடங்கினேன். பாப்பா பிறந்தது, வளர்ந்தது, அண்ணன் தோளில் ஏறித் திருவிழா பார்த்தது எல்லாம் சொன்னேன். அழுதார்கள், சிரித்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தாள் என்றேன். மச்சான் "ஆமா" என்றார். சருகில் கால் வைத்தாள் என்றேன். "ஆமா" என்றார்.

அடுத்து பூமாதேவி வரவேண்டும். வாயில் வரவில்லை.

உடுக்கையின் கயிற்றை என் இடதுகை இறுக்கிக்கொண்டே போனது. சத்தம் மெலிந்து மெலிந்து மேலே ஏறியது. அதுவரை சரசரத்துக்கொண்டிருந்த சருகு நின்றுவிட்டது. என் தொண்டையில் மணல் அடைத்தாற்போல் இருந்தது. அந்தத் தொண்டையிலிருந்து, என் குரல் இல்லாத ஒரு கரகரத்த குரலில், "அண்ணி" என்று வந்தது.

மச்சான் ஆமா சொல்லவில்லை.

மறுபடியும், "அண்ணி" என்று வந்தது. அதற்குப்பிறகு நான் சொன்னதை மச்சான்தான் எனக்கு அப்புறம் சொன்னார். எனக்கு அது கனவில் பேசினதைப்போல அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது.

"ரெண்டு தரம் கூப்புட்டேன் அண்ணி. மூணாந்தரம் கூப்புட மூச்சில்ல."

உடுக்கை என் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து அண்ணன் மனைவி எழுந்தார். அவருக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் விலகினார்கள். அருள் இல்லை. சாதாரணமாகத்தான் நடந்தார். கிணற்றை நோக்கி நடந்தார். விளிம்புக்கு வந்தபோதுதான் இரண்டு பெண்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள். அங்கேயே சருகில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

அண்ணன்காரர் என்னிடம் வந்தார். "நான் என்ன சொல்லச் சொன்னேன், நீ என்ன சொல்ற?" அதுவரை வாங்க போங்க என்று பேசினவர். மச்சான் எழுந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"அவர வுடுங்க" என்று கிணற்றுப் பக்கமிருந்து அண்ணன் மனைவி சொன்னார். "அவர் சொன்னது நெசந்தான்."

பிறகு உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. உச்சி வெயில். காட்டுக்குள்ளிருந்து "அண்ணி" என்று ஒரு குரல். பாப்பாவின் குரல் மாதிரியே இல்லை. காய்ந்த மட்டையை இழுத்த மாதிரி இருந்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் சொல்லிக்கொடுத்திருந்தார். உச்சிப் பொழுதில் காட்டுக்குள்ளிருந்து யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாதே, தெரிந்தவர் குரலாக இருந்தாலும் சொல்லாதே, மனுஷராக இருந்தால் மூன்றாம் தரமும் கூப்பிடுவார்கள், மற்றது இரண்டோடு நிறுத்திவிடும் என்று. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பெண்களுக்குச் சொல்வதுதான். என் அம்மாவும் சொல்லியிருக்கிறார்.

"மறுபடியும் அண்ணின்னு கேட்டுச்சு. மூணாவதுக்குக் காத்துக்கிட்டே இருந்தேன். வரல. கதவச் சாத்திக்கிட்டு உள்ள போயி உக்காந்துட்டேன்."

சாயங்காலம் பாப்பாவைத் தேடிக் கிணற்றில் கண்டபோதுதான் அவருக்குப் புரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை. விழுந்ததும் உயிர் போயிற்று என்று வீடு முழுக்கச் சொன்னபோது அவரும் கூடச் சேர்ந்து சொல்லிக்கொண்டார்.

எல்லாரும் மாமியாரைப் பார்த்தார்கள். அந்த அம்மா கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொல்லிக்குடுத்தத்தான் அது செஞ்சுச்சு" என்றார். வேறு யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. கூடையிடம் சொன்ன மாதிரி இருந்தது.

கதை முடியாமலே படையல் முடிந்தது. நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் மனைவி வந்தார். முகம் கழுவியிருந்தார்.

"இத ஒங்களுக்கு யாருண்ணே சொன்னா?"

"யாரும் சொல்லல தாயி."

"நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"தெரியும்மா."

நான் பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். கதைக்காரனுக்குக் காது வேறு மாதிரி. எல்லாரும் அவளைப் பற்றி ஏதேதோ சொன்னபோது இவர் மட்டும் அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது என்றார். அன்றைக்கு என்ற அந்தச் சொல் எனக்குள்ளே எங்கேயோ உட்கார்ந்து வேலை செய்திருக்கலாம். கிணற்றில் விழுந்தவள் கூப்பிடாமல் இருப்பாளா என்று எந்தக் கதைக்காரனுக்கும் தோன்றும். உச்சிப் பொழுதுக் குரல் பற்றிய அந்த நம்பிக்கையும் எனக்குத் தெரிந்ததுதான். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பகலில் அது போதுமானதாக இருக்கும். அந்தக் கரகரப்பு ஒரு மாதம் வரைக்கும் என் தொண்டையை விட்டுப் போகவில்லை. நான் அன்று ஒரு பழமும் தின்னவில்லை.

அந்தச் சித்திரைக்குப்பிறகு எனக்குக் கதை சொல்லப் பயமாக இருந்தது. ஒரு குடும்பத்தை உடைத்துவிட்டு வந்தோம் என்று நினைத்தேன். வந்த அழைப்பை எல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். மச்சான் கடலைக் காட்டு வேலைக்குப் போனார். ஆடி மாதம் ஓர் ஊர்ப் படையலுக்குத்தான் மறுபடி உடுக்கையை எடுத்தேன். கதை நடுவில் என் வாயையே நான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பங்குனியில் அந்த அண்ணன்காரர் மறுபடியும் வந்தார். நான் வாசலிலேயே எழுந்து நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் படையல் முடிந்ததும் மனைவியோடு அவர் பேசவே இல்லையாம். அந்தப் பெண் பாடாலூருக்குப் போய்விட்டார். வைகாசி போய் ஆனி போய் ஆடியும் போயிற்று. ஒருநாள் மாமியார் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் பஸ் ஏறி, வழி கேட்டுக் கேட்டுப் பாடாலூர் டீக்கடையைக் கண்டுபிடித்திருக்கிறார். மருமகள் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாராம்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"எம்பொண்ணு கடைசியா ஒன்னத்தான் கூப்புட்டா. என்னக்கூடக் கூப்புடல. வா, வூட்டுக்குப் போவலாம்னு சொல்லுச்சாம்."

அப்படியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இந்த வருஷமும் வந்து சொல்லுங்க. அன்னிக்கிச் சொன்னதையே சொல்லுங்க, மாத்த வேணாம்" என்றார். நான் பூமாதேவி பாட்டை விட்டுவிட்டேன். இரண்டு தரம் கூப்பிட்டதையே கதையாக்கினேன். அந்த வருஷம் அண்ணன் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் முதல்முறை "அண்ணி" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது முறை "அண்ணி" என்றேன். அவர் நிமிர்ந்து, கிணற்றுப் பக்கம் பார்த்து, "தோ வரேன்டி பாப்பா" என்றார். அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, வேலையாக இருக்கிறவர் சொல்வது போலச் சொன்னார். அங்கே அழாதவர் ஒருவரும் இல்லை.

அதன்பிறகு வருஷாவருஷம் அது படையலில் ஒரு முறையாகிவிட்டது. அண்ணன் மனைவிக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது, தங்கியது. கிணற்றைத் தூர்க்கவேண்டும் என்று அண்ணன்காரர் சொன்னபோது இவர் விடவில்லை. சுற்றுச்சுவர் எழுப்பினார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முதல் "அண்ணி"யைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினேன். உடுக்கையையும் நிறுத்திவிட்டேன். இரண்டாவதுக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அவர் நிமிர்ந்து, "தோ வரேன்டி பாப்பா" என்றார். எப்போதும் போலத்தான் சொன்னார். கூட்டத்தில் யாருக்கும் வித்தியாசமாகத் தெரிந்த மாதிரி இல்லை. நான் உடுக்கையை எடுத்து மேற்கொண்டு சொல்லி முடித்தேன்.

இலை போட்டார்கள். அவர்தான் பரிமாறினார். அவருடைய மகள் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தது. மாமியார் என் மகள்களுக்கு வரன் வந்ததா என்று கேட்டார். ஒரு துணிப்பையில் முந்திரிப்பருப்பு கட்டிக் கொடுத்தார்கள்.

ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறவேண்டும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். மச்சான் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"மாப்ள, ரெண்டாந்தரம் நீ கூப்புட்டியா?"

"இல்ல மச்சான். மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தேன்."

அவர் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். "ரெண்டாவதுக்கு நானும் ஆமா போட்டேனே" என்றார்.

முதலில் எனக்கு அது நினைவு வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். போட்டிருந்தார். பெரம்பலூர் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். அடுத்த வருஷமும் போனோம்.